எத்தனை நியூட்டனில் உடைந்தது

எலும்பை உடைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, ரவுடிகள். இன்னொன்று, நம் எலும்பு மாப்பிள்ளை. ரவுடிகளுக்காவது பயந்து மரியாதை கொடுப்பார்கள். இவருக்கு மாமனார் வீட்டில் அதுவும் இல்லை. அந்தப் பட்டப்பெயரே மாமனார் வைத்ததுதான்.

வேலை சுலபம். இடுப்போடு சேர்கிற இடத்தில் தொடையெலும்பு முறிந்தால் மருத்துவர்கள் அதை இரண்டு விதமாகச் சேர்த்துவைப்பார்கள். வெளியே தகடு வைத்துத் திருகாணி முடுக்கலாம். அல்லது எலும்பின் குழிக்குள்ளேயே கம்பி செருகலாம். எது அதிகம் தாங்கும் என்று பார்க்க, இவர் பிளாஸ்டிக் எலும்பை அறுத்து, பொருத்தி, இயந்திரத்தில் நிறுத்தி, உடைகிறவரை அமுக்குவார்; எத்தனை நியூட்டன் விசையில் உடைந்தது என்று குறித்துவைப்பார். உடைந்தால் ஆய்வகமே கைதட்டும். "உடைஞ்சிடுச்சு" என்பதைவிட இனிமையான வார்த்தை அவர் காதுக்குக் கிடையாது.

அன்று காலை பதினேழாவது எலும்பு அடம்பிடித்துக்கொண்டிருந்தது. போன் அடித்தது. அடுத்த அறை இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் சக ஊழியர்தான் என்று, யாரென்று பார்க்காமலே எடுத்தார்.

"உடைஞ்சிடுச்சுங்க!"

"சபாஷ்! எத்தனை நியூட்டன்ல?"

மறுமுனையில் இருந்தது மனைவி. "அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு. இடுப்பு."

போன் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவள் அவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். "தகடும் போடலாம், கம்பியும் போடலாம். நீங்க இதுலதானே ஆராய்ச்சி பண்றீங்க?"

மாமனார் கண்ணைத் திறந்தார். இடுப்புதான் முறிந்திருந்தது, நாக்கு சௌக்கியமாக இருந்தது. "சொல்லுங்க மாப்பிள்ளை. மூணு வருஷமா உடைச்சிருக்கீங்க. எது ஒசத்தி?"

"கம்பி கொஞ்சம் கூடத் தாங்குது மாமா. ஆனா புள்ளிவிவரப்படி ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குன்னு சொல்ல முடியாது."

"இதைக் கண்டுபிடிக்க மூணு வருஷமா! டாக்டர், உங்களுக்கு எது கைவந்ததோ அதையே போடுங்க."

டாக்டர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

கம்பி போட்டார்கள். மறுநாளே எழுந்து நிற்கச் சொன்னார்கள். மாமனார் கட்டிலைவிட்டு அசையவில்லை. உள்ளே ஒரு கம்பி இருப்பதும், அதைப் போன்ற கம்பியை மாப்பிள்ளை தினமும் உடைப்பதும் அவருக்குத் தெரியும். ஒரு வாரம் போயிற்று. இப்படியே படுத்திருந்தால் பிறகு எழுந்திருக்கவே முடியாது என்று டாக்டர் வெளியே அழைத்துச் சொன்னார். மனைவி சுவர் பக்கம் திரும்பி அழுதாள். எலும்பு மாப்பிள்ளைக்கு இதுவரை வாங்கிய கைதட்டல்கள் எல்லாம் சேர்ந்து உறுத்தின. வெட்கமாக இருந்தது.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "மாமா, அந்தக் கம்பி மூவாயிரம் நியூட்டன் வரைக்கும் தாங்குச்சு."

"அப்படின்னா?"

"உங்களை மாதிரி நாலு பேர் மேல ஏறி நின்னாலும் தாங்கும்."

"என்னை மாதிரி ஒருத்தனையே உங்களால தாங்க முடியலயே."

"தாங்குறேன் மாமா. எழுந்து நின்னு பாருங்க."

நடக்கும்போது இடுப்பில் நம் எடையைப்போல மூன்று மடங்கு விழும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. தன் எலும்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, ஒன்றுக்கும் எழுபத்து நாலு வயது இல்லை என்பதையும் விழுங்கிவிட்டார். மூன்று வருடத்தில் முதல்முறையாக, எதுவும் உடையக் கூடாதே என்று பயந்தார். மாமனார் அன்றைக்கு அவர் தோளைப் பிடித்து எழுந்து நின்றார், அவ்வளவுதான். கால் எடுத்து வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஒரே எலும்பை எத்தனை தடவை அமுக்கினால் உடைகிறது என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தபோது, ஆய்வகத்தில் போன் அடித்தது. இந்தத் தடவை பெயரைப் பார்த்துவிட்டு எடுத்தார்.

"பதினொண்ணு," என்றாள் மனைவி.

"என்னது?"

"பதினோரு அடி. அப்பா தானா நடந்தாரு. நீங்க எப்படியும் எத்தனைன்னுதானே கேப்பீங்க?"

கையில் பேனா இருந்தது, எதிரே பதிவேடு இருந்தது. பதினொன்று என்று எழுதிவிட்டார்.

மாலையில் பேராசிரியர் பதிவேட்டைப் புரட்டிப் பதறினார். "என்னய்யா இது? பத்தாயிரம் தடவை அமுக்க வேண்டியது, பதினொண்ணுலயே உடைஞ்சிடுச்சா?"

"உடையல சார்," என்றார் எலும்பு மாப்பிள்ளை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நடந்துட்டாரு."

பிளாஸ்டிக் எலும்புக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று பேராசிரியருக்குப் புரியவில்லை.