எட்டு வீட்டில் ஒரு பெரும்பான்மை

எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் அத்தை வயலின் வாசிப்பதை நிறுத்த வேண்டும். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தில் மூன்று வரி ஒட்டியிருந்தது. குடியிருப்போரில் ‘பிரிபாண்டரன்ஸ்’ கேட்டுக்கொண்டதால், வீடுகளில் இசைப் பயிற்சி தடை செய்யப்படுகிறது. கீழே குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரியின் கையெழுத்து.

எங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகள். வயலின் இருப்பது ஒரு வீட்டில்தான்.

அத்தை வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே வயலின் வகுப்பில் சேர்ந்தவள். வேலைக்காக அவள் வீட்டில் தங்கியிருக்கும் நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் வில் கம்பியைத் தொட்டாலே யார் வீட்டுக் கதவுக்கோ எண்ணெய் போடவில்லை என்று தோன்றும். ஐந்தாவது மாதத்தில் அந்தக் கதவு பாட ஆரம்பித்தது. இன்னும் இரண்டு வாரத்தில் அவளுக்கு முதல் மேடை.

“அது என்னடி பிரிபாண்டரன்ஸ்? வியாதி பேரு மாதிரி இருக்கு.”

அகராதியைப் பார்த்தேன். எண்ணிக்கையிலோ கனத்திலோ செல்வாக்கிலோ மிஞ்சி நிற்பது.

“பெரும்பான்மைதான் அத்தை. கோட்டு போட்டுக்கிட்டு வந்திருக்கு.”

மாமா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “பெரும்பான்மைன்னா நாம என்ன பண்றது? ஊரோட ஒத்து வாழணும்,” என்றார்.

அத்தை வயலினைப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மறுநாள் லிஃப்டில் ஏறவில்லை. யாராவது உள்ளே இருந்துவிடுவார்களாம். சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருந்தது.

“வாசல்ல பார்த்தா எல்லாரும் சிரிச்சாங்களேடி. அத்தனையும் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்ச சிரிப்பா?”

பஸ்ஸில் டிக்கெட் கேட்கக்கூட எனக்குக் குரல் எழும்பாது. ஆனாலும் அன்று சாயங்காலம் கதவுகளைத் தட்டினேன்.

“நானா?” என்றார் முதல் மாடி பல் டாக்டர். “நாள் முழுக்க அலறலைக் கேக்கறவன்மா நான். உங்க அத்தை வாசிக்கறது எனக்குத் தாலாட்டு. என்ன செய்ய, மத்தவங்க எல்லாரும் சொல்லிட்டாங்களே.”

தரைத்தளத்துத் தையல்கார அக்கா மெஷினை நிறுத்தாமலே கத்தினாள். “இந்தச் சத்தத்துல இடி விழுந்தாலே எனக்குக் கேக்காது! மேல் வீட்டுக்காரங்க வேலையா இருக்கும்.”

மேல் வீட்டில் இரட்டைப் பிள்ளைகளின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஐயையோ, நிறுத்திடாதீங்க! வாசிப்பு ஆரம்பிச்சாத்தான் ரெண்டும் வெளியே ஓடாம கதவைச் சாத்திக்கிட்டுப் படிக்குதுங்க. இது கீழ் வீட்டுக்காரங்க வேலை.”

மேலே இருப்பவர்கள் கீழே காட்டினார்கள், கீழே இருப்பவர்கள் மேலே காட்டினார்கள். யாரும் செக்ரட்டரியிடம் போய் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. கேட்டால் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது என்று ஆகிவிடுமே. ஆறு வீடு முடிந்தது. ஆறும் இல்லை.

மறுநாள், இனி வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வர அத்தையே செக்ரட்டரி வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் போனேன். “எதுக்கு வம்பு, விடு, விடு” என்று சொல்லிக்கொண்டே மாமாவும் செருப்பை மாட்டினார்.

செக்ரட்டரி நீதிமன்றத்தில் தீர்ப்புகளைத் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். நாங்கள் உட்கார்ந்ததும் காதுக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“சாயங்காலம் ஆனா கழட்டி வெச்சிடுவேன். வயலின் எனக்குத் தொந்தரவே இல்லை,” என்றார்.

அப்படியானால் ஏழாவது வீடும் இல்லை. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. “எத்தனை பேர் சார் புகார் கொடுத்தாங்க?”

“பிரிபாண்டரன்ஸ்.”

“எத்தனைல?”

“வந்த புகார்கள்ல.”

“வந்தது எத்தனை சார்?”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். “ஒண்ணு.”

“ஒண்ணுல எப்படி சார் பெரும்பான்மை?”

“நிறுத்தச் சொல்லி ஒண்ணு. வாசிக்கச் சொல்லி யாராவது எழுதிக் கொடுத்தாங்களா? பூஜ்யம். தராசுல எந்தப் பக்கம்மா கனம்?” அவர் குரலில் பெருமைகூட இருந்தது. “மெஜாரிட்டின்னு போட்டா எண்ணிக் காட்டுன்னு வந்து நிப்பாங்க. இதைப் போட்டா யாரும் எண்ண மாட்டாங்க. முப்பது வருஷ அனுபவம்.”

அத்தை நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள். “ஒரே ஒருத்தரா? கட்டடமே என்னை வெறுக்குதுன்னு ரெண்டு நாளா தண்ணிகூட இறங்கல சார் எனக்கு. யார் அது?”

“பேரைச் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டார்.”

“நான் சண்டைக்குப் போகல. என்கிட்டயே வந்து சொல்லியிருக்கலாமில்ல? அவ்வளவு பயமா என்னைப் பார்த்தா?”

செக்ரட்டரி காதுக் கருவியை மெதுவாகக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமா செருமினார். எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடி எழுந்து நின்றார்.

“நான்தான். டீவில நியூஸ் வர்ற அரை மணி நேரம் மட்டும்தான் நிறுத்தச் சொல்லி எழுதினேன்.”