கனகலிங்கம் எந்த வகை ஆள்

தொண்ணூற்றெட்டில் ஒரு நிதி நிறுவனத்தை வேறொன்றோடு இணைத்தபோது, அதன் கடன் பிரிவு அதிகாரி கனகலிங்கத்தையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. பாட்டனாரும் தகப்பனாரும் ரயில்வேயில் இருந்து மரியாதையோடு ஓய்வு பெற்றவர்கள். அந்தக் குடும்பத்தில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் என்று அதுவரை எவரும் இல்லை. அவர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் செய்தி பரவாமல் அவரும் மனைவி புனிதவதியும் வாயைத் திறக்காமல் இருந்தார்கள்.

நிறுவனம் போகிற போக்கில் ஓர் உதவி செய்தது. பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆலோசனை நிலையம். அங்கே கேள்வித்தாள் கொடுத்து, ஆளின் குணம் எந்த வகை என்று கணித்து, பொருத்தமான வேலைக்குப் பரிந்துரைப்பார்கள். அந்த அறிக்கை கையில் இல்லாமல் எந்த முதலாளியிடமும் அனுப்பமாட்டார்கள்.

பரீட்சை என்றால் கனகலிங்கத்துக்குப் பயமில்லை. இரண்டு பென்சில்களைச் சீவிக்கொண்டு போனார். உள்ளே ஆலோசகராக இருந்த பெண்ணைப் பார்த்ததும்தான் கால் தயங்கியது. பெயர் உமையாள். பூச்சோங்கில் இருக்கும் செட்டியார் வீட்டுப் பிள்ளை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் தாயாரோடு பார்த்த முகம்.

கேள்விகளோ வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற கேள்விகள். கோபத்தில் கத்தியதுண்டா? உடன்பிறந்தவரோடு பேசாமல் இருந்ததுண்டா? கிள்ளானில் இருக்கும் தம்பியோடு, தகப்பனாரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று வந்த மனத்தாங்கலுக்குப் பிறகு, ஆறு வருடமாகப் பேச்சில்லை. ஊர் ஊகித்திருக்கலாம். ஆனால் அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. ஒரு நல்ல மனிதன் எதை எழுதுவானோ அதையே எழுதினார். இல்லை, இல்லை, ஒருபோதும் இல்லை.

அடுத்த வாரம் உமையாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ரிசல்ட்ட யூஸ் பண்ண முடியாது. உண்மையா எழுதுறாங்களான்னு பாக்கவே உள்ள சில கேள்வி வச்சிருக்காங்க. கோபமே வராத ஆளுன்னு ஒலகத்துல யாரும் இல்ல லா.”

கனகலிங்கம் எழுந்து நின்றார். “எங்கட குடும்பத்தில ஒருத்தரையும் இதுவரைக்கும் பொய்யன் எண்டு ஒருத்தரும் சொன்னதில்லை, பிள்ளை.”

“நான் சொல்லல அங்கிள், கம்ப்யூட்டர் சொல்லுது. உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை.

வீட்டில் புனிதவதி முழுவதையும் கேட்டுவிட்டு, சிரிப்பை மறைக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “கோவம் வராதெண்டோ எழுதினீங்கள்? போன கிழமை டெலிபோன்காரனை ஏசினது பெட்டாலிங் ஜெயா வரைக்கும் கேட்டிருக்குமே.” அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவளும் நிறுத்திக்கொண்டாள். உள்ளதை எழுதினால் அந்தச் சேதி உமையாளோடு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்துவிடும் என்றார் அவர். எழுதாவிட்டால் வேலை வராது என்பதை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

மறுநாள் அவர் திரும்பிப் போய், உமையாளின் மேசைக்கு முன் நிமிர்ந்து நின்று, பக்கத்து அறையில் இருக்கும் இன்னோர் ஆலோசகர் மிஸ் டான் தன் தாளைப் பார்க்கட்டும் என்று கேட்டார். மிஸ் டான் ஈப்போவிலிருந்து வந்த சீனப் பெண். அவளுக்குத் தமிழ் ஆட்கள் யாரையும் தெரியாது. உமையாளின் முகம் ஒரு கணம் வாடியது.

“சரி அங்கிள். எங்கப்பாவா இருந்தாலும் இதையேதான் கேப்பாரு.”

இம்முறை உள்ளதை உள்ளபடி எழுதினார். தம்பியைப் பற்றிய இடத்தில் பென்சில் வெகுநேரம் நின்றது. பிறகு ‘ஆம்’ என்பதில் வட்டம் போட்டார்.

அறிக்கை செல்லுபடியானது. தனியாக வேலை செய்கிறவர், பிழை பொறுக்காதவர், ஆட்களோடு பழகும் வேலை ஒத்துவராது என்று அதில் இருந்தது. இத்தனை வருடம் பிடிக்காத வேலையையா பார்த்தீர்கள் என்று மிஸ் டான் ஆங்கிலத்தில் கேட்டாள். கடமையைச் செய்தேன் என்று அவர் விறைப்பாகப் பதில் சொன்னார். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில், கடன் கேட்டு எதிரே உட்கார்ந்தவர்களின் கதைகளை எத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டோம் என்று யோசித்தபடியே போனார்.

மிஸ் டான் பரிந்துரைத்தது போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கு. கப்பலில் வந்து இறங்கும் கொள்கலன்களின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, எண் சரியா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். தனி அறை இல்லை, வாசலில் பெயர்ப்பலகை இல்லை. அதிகாரியாக இருந்தவர் வெயிலில் நிற்க வேண்டும். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். இரண்டாம் மாதம், மாலையில் தலைவலியில்லாமல் வீடு திரும்புகிறோம் என்பதைக் கவனித்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

வேலையை மட்டும் சொன்னார். பிரிக்பீல்ட்ஸில் நடந்த ஒரு கல்யாணத்தில், காப்புறுதி நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்த உறவினர் பாலசுந்தரம், இப்போது எங்கே வேலை என்று கொஞ்சம் இழுத்துக் கேட்டார். பின்னால் பேசுவதற்கு யாருக்கும் இடம் வைக்கக்கூடாது என்று கனகலிங்கம் நாலு பேர் காதில் விழும்படியே சொன்னார்: “போர்ட் கிள்ளானில. கொள்கலன்ர முத்திரை பாக்கிறன்.”

பாலசுந்தரம் சிரிக்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவரைக் கையைப் பிடித்து மண்டபத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார்.

“அங்க இன்னும் ஆள் எடுக்கினமோ?”

கனகலிங்கம் ஏன் என்று கேட்கவில்லை. தினமும் வேலைக்கென்று கழுத்துப்பட்டி கட்டிப் புறப்படுகிறவர் எங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார் என்றும் கேட்கவில்லை.

“நீர் எந்த வகை ஆள் எண்டு முதல்ல பாக்க வேணும். பெட்டாலிங் ஜெயாவில மிஸ் டான் எண்டு ஒரு பிள்ளை இருக்கு. எங்கட ஆக்களை அதுக்குத் தெரியாது. கேக்கிறதுக்கு உள்ளதை எழுதும்.”

“எல்லாத்தையுமோ?”

“எல்லாத்தையும்,” என்று சொல்லிவிட்டு, கனகலிங்கம் பந்திக்குப் போனார்.