செய்து பார்த்தவர்கள்

ஓசூரில் எனக்கு வாய்த்த வேலையைச் சொன்னால் யாருக்கும் சட்டென்று விளங்காது. அம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. "கம்ப்யூட்டர்ல பொம்மை பாக்கற வேலை" என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள். அது முழுத் தப்பும் இல்லை. பள்ளிகளுக்கும் தொழிற்பயிற்சி மையங்களுக்கும் விற்க வருகிற வி.ஆர்., ஏ.ஆர். செயலிகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, எது எந்த வகை என்று நான் பிரித்து வைக்க வேண்டும். கண்ணை மூடுகிற அந்த வி.ஆர். டப்பாவைத் தலையில் மாட்டினால் எரிமலைக்குள் இறங்கலாம். போனை மேஜைக்கு நேரே பிடித்தால் அதன்மேல் ஒரு இதயம் துடிக்கும். இதற்கெல்லாம் சம்பளம் தருகிறார்களே என்று முதல் மாதம் எனக்கே சிரிப்பாக இருந்தது.

என்னை வேலைக்கு வைத்திருக்கும் அறக்கட்டளை வகுத்த வகைகள் மூன்று. வெறுமனே காட்டுவது 'பார்த்தல்'. கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது 'பழகுதல்'. கையால் வேலை செய்ய வைப்பது 'செய்தல்'. மூன்றாவதில் ஒரு செயலி சேர்ந்துவிட்டால், டப்பாவுக்குள் கழித்த நேரத்தைப் பட்டறையில் நின்ற நேரமாகவே எடுத்துக்கொண்டு, சர்டிபிகேட்டிலும் 'செய்தல்' என்றே போடலாம். வினையே அங்கேதான்.

பாகலூர் ரோட்டில் அறக்கட்டளைக்கு ஒரு பயிற்சி மையம் உண்டு. பிரஸ் ஆபரேட்டர் படிப்புக்கு அங்கே என் தங்கை தர்ஷினி சேர்ந்திருந்தாள். தகட்டை அச்சில் வைத்து, மேலிருந்து ஒரே அடியாக அடித்து உருவம் வெட்டுகிற இயந்திரம்தான் பிரஸ். மையத்தின் பின்கொட்டகையில் பழைய பிரஸ் ஒன்று கிடந்தது. அது அடிக்கும்போது தரை அதிரும், எண்ணெய் நாற்றம் தொண்டையில் ஒட்டும். அதன் பக்கத்தில் நின்றால் பயம் தானாக வரும். அந்தப் பயம் என் தங்கைக்கு வரவேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன்.

ஒருநாள் என் மேசைக்கு பிரஸ் செயலி வந்தது. மாட்டிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று ஒரு கூடம், புத்தம்புது இயந்திரம். தகட்டை எடுத்து வைக்கிறேன், அடிக்கும்போது கை உள்ளே போகாமலிருக்கக் கைக்கு ஒன்றாக வைத்த இரண்டு பட்டன்களையும் அமுக்குகிறேன், பாகம் அழகாக வெட்டுப்பட்டுத் தட்டில் விழுகிறது. எதுவும் சிக்கவில்லை. எதுவும் கனக்கவில்லை. கழற்றி வைத்துவிட்டு, யோசிக்காமல் 'பார்த்தல்' வகையில் போட்டேன்.

மேலாளர் கமலக்கண்ணன் அன்றைக்கே என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. யாரையும் அதட்டமாட்டார். அப்படிப்பட்டவர்களிடம்தான் சண்டை போடுவது கஷ்டம்.

"ஜெயப்ரியா, இதை ஏங்க பார்த்தல்ல போட்டீங்க? கையில பட்டன் அமுக்கறாங்கல்ல?"

"காத்தைத்தான் சார் அமுக்கறாங்க."

"அந்தப் பழைய மெஷினை வச்சிக்கிட்டு இத்தனை பேத்துக்கு எப்புடிங்க சொல்லித்தர்றது? அதுல ஆளுக்கு ஒருதரம் நின்னாலே பெருசு. இதுல நூறு தடவ செய்யலாம். நான் சொல்லறதை விடுங்க, பசங்களையே கேளுங்க. பாத்தாங்களா செஞ்சாங்களான்னு அவுங்களே சொல்லட்டும்."

பசங்கள் என் பக்கம்தான் பேசுவார்கள் என்று நம்பிப் போனேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

வகுப்பில் டப்பாவைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கமலக்கண்ணனும் கதவோரம் வந்து நின்றார். "இதுல நீங்க என்ன பண்ணீங்க? பாத்தீங்களா, செஞ்சீங்களா?" என்று கேட்டேன். முதல் பெஞ்சில் இருந்த திம்மப்பன் வீட்டில் கன்னடம் பேசுகிறவன். "மாடி நோடிதெ மேடம்" என்றான். அவன் பக்கத்தில் வெங்கடப்பன், தெலுங்குக்காரன். "சேசி சூசானு மேடம்." கடைசியாக என் தங்கை, வாயெல்லாம் பல்லாக: "செஞ்சு பாத்தேன்க்கா!"

மூன்று பாஷை, ஒரே பதில். இந்த எல்லைப் பக்கத்தில் எந்த வீட்டில் பிறந்தாலும் பிள்ளைகளுக்கு இப்படித்தான் பேச வரும். சாப்பிட்டுப் பார்ப்போம், போட்டுப் பார்ப்போம், கேட்டுப் பார்ப்போம். அந்தப் 'பார்'க்குள் பார்வையே கிடையாது. 'செஞ்சு பாத்தேன்' என்றால் செய்தேன் என்றுதான் அர்த்தம். அந்த டப்பாவுக்குள் மட்டும் அது தலைகீழ். அங்கே செய்தது எதுவுமில்லை, பார்த்தது மட்டும்தான் நிஜம்.

இதைக் கமலக்கண்ணனிடம் சொன்னேன். வராந்தாவில் நிறுத்தி, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இலக்கணம் பேசறீங்க. பசங்க மூணு பாஷையிலயும் செஞ்சோம்னு சொல்லிட்டாங்க. இதுக்கு மேல என்னாங்க வேணும்?"

"என் கையால மாத்தமாட்டேன் சார்."

"பரவால்லீங்க, நானே மாத்திக்கறேன்."

மாற்றிவிட்டார். அடுத்த மாதமே கொட்டகைப் பிரஸ்ஸைப் பழைய இரும்புக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த இடத்தில் இப்போது பைக் நிறுத்துகிறார்கள்.

தர்ஷினிக்கு சிப்காட் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் உடனே வேலை கிடைத்தது. போகாதே என்று சொன்னேன். நேரில் ஒரு மெஷினைத் தொட்டதில்லை நீ, கொஞ்ச நாள் பேக்கிங்கில் நில் என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"க்ளாஸ்ல நான்தான்க்கா ஃபர்ஸ்ட்டு. உனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றாள்.

"ஆமாடி, எனக்கு பயம்தான். உனக்கும் வரட்டும்னுதான் சொல்லறேன்."

அம்மா அவள் பக்கம். படித்த பெண் பேக்கிங்கில் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டாள். வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை.

வேலைக்குப் போன முதல் வாரமே அது நடந்தது. வேகமாக ஓடட்டும் என்று அந்த பிரஸ்ஸில் ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார்களாம். ஒரு கையால் அமுக்கினாலே அடிக்கும். எண்ணெயில் ஒரு பாகம் அச்சோடு ஒட்டிக்கொண்டது. டப்பாவுக்குள் ஒருநாளும் ஒட்டாத பாகம். அவள் வலது கையை விட்டு எடுக்கப் போனாள், இடது கை பட்டன்மேலேயே இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

ஆஸ்பத்திரிக்கு வந்த கம்பெனி சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ட்ரெய்னிங் முடிச்ச பொண்ணுன்னுதாங்க எடுத்தோம். செய்தல்னு சர்டிபிகேட்டுலயே போட்டிருக்குது. தெரிஞ்ச பொண்ணு கையை விட்டா நாங்க என்ன பண்றது?"

'செய்தல்'. நான் போடமாட்டேன் என்று சொன்ன சொல் அது. இப்போது அதுவே என் தங்கையின் தலையில் பழியாக இறங்கிவிட்டது.

மறுநாள் கமலக்கண்ணன் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. "அவ மார்க் எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். கட்டிலிலிருந்து தர்ஷினி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"சாரைத் திட்டாதக்கா. நான்தான் கையை விட்டேன். எல்லாம் தெரிஞ்சும் நான்தான் விட்டேன்."

அவள் அதை நம்பினாள். என்னை உடைத்தது அதுதான். விரல் போனதற்கு அழுதேன், அது அழுது தீர்ந்தது. இது தீரவில்லை.

நான் வேலையை விடவில்லை. விட்டுவிட்டு எங்கே போவது? வீட்டில் வருமானம் என்னுடையது மட்டும்தான். ஆபீஸுக்குப் போகப் பிடிக்காமல், அவளைக் கவனிக்கிற சாக்கில் டப்பாவும் செயலிகளுமாக வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தர்ஷினி நாளெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டுப் பாதியில் எழுந்துவிடுவாள். யாராவது வந்தால் வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் அவளாகவே கேட்டாள். "அதைக் கொஞ்சம் மாட்டி விடேன்க்கா."

எனக்கு மனசே இல்லை. ஆனாலும் அவள் வாய்திறந்து ஒன்று கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. டப்பாவைத் தலையில் மாட்டி, அதோடு வருகிற கைப்பிடியை வலது கையில் மிச்சமிருந்த விரல்களுக்குள் செருகிவிட்டேன். அந்தக் கருவி விரலைப் பார்ப்பதில்லை, கைப்பிடி எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் பார்க்கிறது. டப்பாவுக்குள் தெரிகிற கையை அதுவே முழுசாக வரைந்துகொள்ளும்.

தர்ஷினி கையை முகத்துக்கு நேரே தூக்கினாள். அப்படியே வைத்திருந்தாள்.

"அக்கா... எல்லா வெரலும் இருக்குதுக்கா."

அவள் சிரிப்பதை அந்த டப்பாவுக்குக் கீழே பார்த்தேன்.

"அம்மா! அம்மா, இங்க வாயேன், என் கையைப் பாரு!"

அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள். கட்டுப்போட்ட கையை நீட்டிக்கொண்டு தர்ஷினி நின்றாள். அம்மா அந்தக் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள்.

"தெரியுதாம்மா?"

"தெரியுது கண்ணு" என்றாள் அம்மா. "எல்லாம் இருக்குது."

தர்ஷினி கையைத் திருப்பித் திருப்பி அவளுக்குக் காட்டிக்கொண்டே இருந்தாள்.