ஒரே ஒருவர் உள்ள குழு

போனில் வந்தவர் முதலில் மலையாளத்தில்தான் கேட்டார். அவர் விவரங்களைத் திரையில் எடுத்தபோது, மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று இருந்தது. நான் தமிழுக்கு மாறியதும் அதே கேள்வியை இன்னும் களைப்பாகக் கேட்டார்.

"சாரே, இதுல இருந்து வெளிய போறதுக்கு எங்க அமுக்கணும்?"

திருவனந்தபுரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி மையத்தில் ஹெல்ப் டெஸ்க் என் வேலை. மாணவர்கள் இணையத்தளத்தில் எங்கே மாட்டிக்கொண்டாலும் எனக்குத்தான் போன் வரும். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பார்கள். கட்டுரையை ஏற்றியும் ஆசிரியருக்குத் தெரியவில்லை என்பார்கள். 'சேமி' என்பதை அழுத்தினால் கட்டுரை உங்கள் மேஜை டிராயரில்தான் கிடக்கும், 'சமர்ப்பி' என்பதை அழுத்தினால்தான் ஆசிரியர் கைக்குப் போகும் என்பேன். எத்தனை முறை சொன்னாலும் இது எனக்கு அலுப்பதில்லை. ஆனால் படிப்பை விட்டு வெளியே போகும் வழியை யாரும் கேட்டதில்லை. போக நினைப்பவர்கள் பேசாமல் வராமல் இருந்துவிடுவார்கள்.

அவர் பெயர் சிஜி. தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலைக்காரர். கழக்கூட்டத்தில் அறை எடுத்துத் தங்கி, ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டே எம்.ஏ. சமூகவியல் படிக்கிறார்.

"அதுக்கு வழி இருக்கு, சொல்றேன். ஆனா ஏன் போறீங்க?"

"கிளாஸ்ல ஆரும் எங்கிட்ட மிண்ட மாட்டாவ."

"பேச மாட்டாங்களா? எங்கே?"

"விவாதப் பக்கத்துலதான். நம்ம ஒண்ணு எழுதணும், வேற ஆளு எழுதினதுக்குப் பதிலும் எழுதணும். எழுதலேன்னா பரீட்சை எழுத விடமாட்டாவ. வேற ஆளு எழுதினா அல்லே நான் பதில் எழுத முடியும்? அங்க நான் எழுதினது மட்டும் கிடக்கு. இன்னைக்குச் சாயங்காலம் பக்கத்தை அடச்சிருவாவ. போட்டும் சாரே. என்னைப் பிடிக்காதவங்க கூட என்னத்துக்குப் படிக்கணும்?"

என் திரையில் அந்த வகுப்பின் விவாதப் பக்கம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. சண்டைகூட நடந்திருந்தது.

"சிஜி, பக்கத்துக்கு மேல சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கும். வாசிங்க."

"தனிக் குழுக்கள். தமிழ்."

"அதேதான்!" என்று கத்திவிட்டேன். ஒரு கோளாறு பிடிபட்டால் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்துவிடும். குரலைத் தணித்துக்கொண்டு விளக்கினேன்.

வகுப்பு பெரியது. பாடம் எடுக்கும் ஸ்மிதா டீச்சர் அதைக் குழுக்களாகப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார். தளம் மொழிக் கட்டத்தைப் பார்த்துப் பிரித்திருக்கிறது. தனிக் குழு என்றால் சுவர் வைத்த அறை மாதிரி. ஓர் அறையில் எழுதுவது அடுத்த அறைக்குத் தெரியாது. எல்லா அறைகளும் தெரிவது ஆசிரியருக்கும் எனக்கும்தான். இந்த ஊரில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்கூட அந்தக் கட்டத்தில் மலையாளம் என்றே போடுவார்கள். பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லாம் அதில்தானே நடக்கிறது. கரமனை அக்ரஹாரத்தில் பிறந்த நானும் அப்படித்தான் போட்டிருக்கிறேன். சிஜி மட்டும் உள்ளதைப் போட்டார். தளம் அவருக்கென்று ஓர் அறை கட்டி, அவரை மட்டும் உள்ளே வைத்துவிட்டது.

"அப்போ அவிய என்னை ஒதுக்கினது இல்லியா?"

"இல்லவே இல்ல. நீங்க இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், இருப்பதே யாருக்கும் தெரியாமல் போவதும் அப்படி ஒன்றும் சின்ன வருத்தம் இல்லை என்று எனக்கு உறைத்தது.

"மொழியை மலையாளம்னு மாத்தினா நாளைக்கு அந்தக் குழுவுக்குப் போயிடுவீங்க. ஆனா இன்னைக்குச் சாயங்காலத்துக்கு உதவாது."

"அதுக்கு எனக்க அம்மைகிட்ட வேற கேக்கணும்" என்றார். அன்று அவர் சொன்ன முதல் வேடிக்கை அது.

இன்னொரு வழி, சுவர்களையே எடுத்துவிடுவது. திரும்பக் கூப்பிடுவதாக சிஜியிடம் சொல்லிவிட்டு டீச்சரைக் கூப்பிட்டேன். "அய்யோ கஷ்டம்! வேகம் எடுத்துக்களயூ மஹேஷே" என்று மலையாளத்தில் பதறி, உடனே எடுக்கச் சொல்லிவிட்டார். எடுப்பதற்கு முன் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்தேன்.

ஆரம்பத்தில் எல்லாம் பாடம்தான், ஒழுங்கான ஆங்கிலத்தில். பிறகு ஒரு வரி: யாராவது இருக்கிறீர்களா? அதற்கும் பிறகு: கழக்கூட்டத்தில் மழை, ஹைவேயில் பஸ் நகரவே இல்லை, அறைக்கு வந்து கஞ்சி வைத்தேன். அதற்குக் கீழே: இன்றைக்கு என் பிறந்தநாள்.

மறுபடியும் சிஜிக்குப் போன் செய்தேன்.

"சுவரை எடுத்தா நீங்க எழுதின பழசும் எல்லாருக்கும் தெரியும். எழுதிக் கொஞ்ச நேரம் ஆயிட்டா உங்களால அழிக்க முடியாது. என்னால முடியும். எதை எடுக்கணும், சொல்லுங்க."

"சாரு வாயிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

"பிறந்தநாளும்?"

"ம்."

"நல்ல நாணக்கேடு!" சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது. "அதை எடுத்துருங்க. இனி வந்து வாழ்த்துவாவ. அது சரியாவாது."

"மழை?"

"மழை கிடக்கட்டும். மழை எல்லாருக்கும் உள்ளதுதானே?"

பிறந்தநாளை அழித்தேன். அதை வாசித்த ஒரே ஆள் நான்தான். நானாவது வாழ்த்தியிருக்கலாம். வாழ்த்தவில்லை. சுவரை எடுத்துவிட்டு, பக்கத்தைப் புதுப்பிக்கச் சொன்னேன்.

"சாரே... இத்தனை பேரா?"

"பதிலை அங்கேயே அடிக்காதீங்க. வேற இடத்துல எழுதி வச்சுக்கிட்டு ஒட்டுங்க. யோசிச்சுக்கிட்டே இருந்தா தளம் வெளியே தள்ளிடும், எழுதினதும் போயிடும்."

"சரி சாரே. வைக்கட்டா?" வைத்துவிட்டார்.

பக்கத்தை அடைப்பதற்கு முன்பே அவருடைய பதில் வந்துவிட்டது. மழையைப் பற்றிய வரிக்குக் கீழே ஆர்ஷா என்ற ஒரு பெண் எழுதியிருந்தாள்: அன்றைக்கு நானும் அந்த ஹைவேயில்தான் மாட்டிக்கொண்டிருந்தேன், கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள என்ன? சிஜி அதற்குப் பதில் போட, அதற்கும் யாரோ பதில் போட்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கத்தை மூடினேன். அது அவர்களுடைய பேச்சு.

அதற்குப் பிறகு சிஜி போன் செய்யவில்லை. ஒன்று சரியாகிவிட்டது என்பதற்கு எங்கள் வேலையில் வேறு அடையாளம் கிடையாது. சொல்ல விட்டுப்போனது ஒன்று உண்டு. இனி வரும் விவாதங்களில் யார் பதில் போட்டாலும் அவருக்கு மெயில் வந்து குவியும். அதை நிறுத்த எங்கே அமுக்க வேண்டும் என்று அவர் கேட்டால் சொல்லலாம் என்று இருக்கிறேன். இதுவரை கேட்கவில்லை.