பட்டை உரிக்காத நான்கு தூண்கள்

1.
இந்தக் கதை பிறந்ததே எரிச்சலில்தான். மேவிஸ் யோ என்கிற எழுபத்தெட்டு வயதுக்காரி பத்து நிமிடம் வாயை மூடியிருந்தால், நான் இதை எழுதவே வேண்டியிருக்காது.

2.
முதல் தொடக்கம்: "இங்கிலாந்தின் டெவன் மலைச்சரிவில், ஹார்கோம் பண்ணையின் நுழைவாயிலில், கூர்முனை ஜன்னல்களோடு ஒரு சின்னஞ்சிறு..."

(சீ! சுற்றுலாக் கையேடு. அடித்துவிட்டேன்.)

விஷயம் இதுதான். 1831இல் ஒரு பிரபு, தேவாலய ஜன்னலையும் காட்டு மரத்தையும் கலந்து கட்டிய வாயில்காவலர் வீடு அது. சாரட்டில் வருகிறவர்கள் ரசிப்பதற்காகக் கட்டியது. உள்ளே இருப்பவர்கள் மூச்சு விட அல்ல. புகைபோக்கி மூன்றில் இரண்டு பொய். நாற்பது வருடமாக மேவிஸ் அங்கே குடியிருக்கிறாள். புது முதலாளிக்குப் பேருந்து நுழைய வழி வேண்டுமாம், இடிக்கப் போகிறார். சுவரும் கூரையும் பலமுறை மாறிவிட்டன. முகப்பில் உள்ள பட்டை உரிக்காத நான்கு மரத்தூண்கள் பழையவை என்றால் மட்டுமே அரசு இடிக்க விடாது. தூண்களின் வயதை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை எழுதுகிறவன் நான்.

3.
செவ்வாயன்று அரசு அதிகாரி தூண்களைப் பார்க்க வந்தார். நான் வாயெடுப்பதற்குள் மேவிஸ் முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் எங்க வீட்டுக்காரர் ரெக் நட்டதுங்க. எண்பத்தேழுல. பழசு உளுத்துப்போச்சு."

அவளை அடுப்படிக்கு இழுத்துப்போனேன். "மேவிஸ், வீடு வேணுமா வேண்டாமா?"

"வேணும்."

"அப்ப சும்மா இருங்களேன்!"

"எவனோ பிரபு செஞ்சான்னு சொல்லணுமா? அந்த ஆளு ஒரு ஆணி அடிச்சிருப்பானா? மலையிலேர்ந்து மரத்தைத் தூக்கியாந்து ரெக்குக்கு முதுகே போச்சு. நீ டீயைக் குடி."

தலையில் அடித்துக்கொண்டேன். வாசலுக்குத் திரும்பியதும் அதிகாரி குறிப்பேட்டை மூடினார். "வாய்ப்பேச்செல்லாம் செல்லாதுங்க. நீங்க எழுதித் தர்றதுதான் கணக்கு."

(மேவிஸைப் பொய் சொல்லத் தெரிந்தவளாக மாற்றி எழுதிப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் அவள் நிற்கவில்லை.)

4.
முடிவு அ: "தூண்கள் 1831ஐச் சேர்ந்தவை." வீடு நிற்கும். புருஷன் முதுகொடிந்த வேலைக்குப் பிரபுவின் பெயர்ப்பலகை மாட்டுவார்கள், அவள் தினமும் அதைத் தாண்டிப் போகவேண்டும்.

முடிவு ஆ: "தூண்களை 1987இல் நட்டவர் ரெக்..." வீடு போகும்.

முடிவு இ: "அநேகமாக..." (கோழைத்தனம்.)

5.
இப்போதுதான் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"எழுதிட்டியா கண்ணு?"

"இன்னும் இல்ல."

"ரெக் பேரு மொத வரியிலயே வரட்டும். நான் சாமானெல்லாம் கட்டி வெச்சுட்டேன்."

கட்டி வைத்துவிட்டாளாம்! இந்த மனுஷியை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது? அறிக்கையில் தூண்களின் வருடத்தை எழுதும் இடம் மட்டும் காலி. எனக்குக் கை ஓடவில்லை. இந்தாருங்கள் பேனா, நீங்களே எழுதுங்கள். அவளிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.