நூர்ஜான் வீட்டுப் பரஸ்தானம்

பெட்டியின் மூடியைத் தூக்கிய இரண்டு பேரையும் லோகேஸ்வரி கையை நீட்டித் தடுத்தாள்.

"இருங்கண்ணே. இப்ப மூடாதீங்க."

பிறை மின்நிலையத்தில் முப்பது வருஷம் கொதிகலனோடு குப்பை கொட்டிய அவள் அப்பா அய்யாக்கண்ணு, மாலையும் கழுத்துமாக உள்ளே படுத்திருந்தார். முகத்தில் புது மாப்பிள்ளைக் களை. புதன்கிழமை சாயங்காலம் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர், பாதிக் குவளையை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அவ்வளவுதான். யாருக்கும் ஒரு நாள் சிரமம் கொடுக்கவில்லை.

"மணி பத்தாச்சு லோகா" என்றார் மோகனராஜ் மாமா. அவள் அம்மாவின் தம்பி. அந்தக் குடும்பத்தில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் நடத்தி வைப்பது அவருடைய கைக்கடிகாரம்தான். "பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வாசப்படி தாண்டியாகணும்."

"பாப்பாவுக்குப் பதினோரு மணிக்குத்தான் டியூப் எடுக்கிறாங்க மாமா. அவ சத்தத்தக் கேட்டுட்டு அப்பா போகட்டும்."

பாப்பா என்றது லோகேஸ்வரியின் தம்பி கோகுலனின் மகளை. பிறந்து பத்தொன்பது நாள் ஆகிறது. ஜார்ஜ்டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பிறந்த நிமிஷத்திலிருந்து இயந்திரத்தின் தயவில் இருக்கிறாள். வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து, அதையே மூச்சில் இழுத்துக்கொண்டு வெளியே வந்தவள். நுரையீரல் திறக்கவில்லை. தொண்டைக்குள் குழாய் விட்டார்கள். முதல் வாரம் அந்த இயந்திரம் அவள் குட்டி நெஞ்சை நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை அதிரவைத்தே மூச்சு கொடுத்தது. ரத்தக் குழாய் விரிவதற்கென்று தனியாக ஒரு வாயு. இதுவும் கைவிட்டால், ரத்தத்தை வெளியே எடுத்துக் காற்றேற்றி உள்ளே அனுப்பும் இயந்திரம்தான், அதற்குக் கோலாலம்பூருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நல்லவேளை, அந்த நிலைமை வரவில்லை.

குரல் நாண்களுக்கு நடுவே குழாய் போவதால் அவள் அழுதாலும் சத்தம் வராது. முகம் சுருங்கும், கண்ணீர் வரும், வாய் கோணும். சத்தம் மட்டும் இருக்காது. அவள் குரல் எப்படி இருக்கும் என்று பெற்றவளுக்கே தெரியாது.

அய்யாக்கண்ணுக்கும் மூக்கில் குழாய்தான். கொதிகலன் தூசி தின்ற நுரையீரல். இரண்டு வருஷமாக வீட்டில் ஆக்சிஜன் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. "அவளுக்கும் டியூப்பு, எனக்கும் டியூப்பு. யாரு மொத கழட்டுறான்னு பாத்துருவோம்லா" என்று பேத்தியோடு பந்தயம் கட்டினார். தினமும் சாயங்காலம், ஆஸ்பத்திரியில் பாப்பாவோடு இருக்கும் மருமகள் காமினிக்குப் போன் போடுவார். "என்னா காமினி, மீட்டர் எவ்ளோ காட்டுது?" பாப்பாவுக்குப் போகும் ஆக்சிஜன் அளவுதான் மீட்டர். நூறு, எண்பது, அறுபத்தைந்து, நாற்பது. நாமெல்லாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பது இருபத்தொன்று என்று தெரிந்துகொண்டபின், தன்னைப் பார்க்க வந்தவரிடமெல்லாம் அந்த எண்ணை ஒப்பித்தார். போன வாரம் ஒரு தடவை குழாயை எடுத்து, பாப்பா திணறி, இரண்டே மணி நேரத்தில் திரும்பப் போட்டார்கள். கோகுலன் நொறுங்கிப்போய் வந்து உட்கார்ந்தான். "விடுலா, நான் லைசென்ஸ் எடுத்ததே மூணாவது வாட்டிதான்" என்றார் அய்யாக்கண்ணு. "அவ கத்துறதக் கேட்டுட்டுத்தான் நான் எடத்தக் காலி பண்ணுவேன்."

இரண்டே நாள் வித்தியாசத்தில் அந்த ஆசை தவறிப்போனது. அப்பா போனதைக்கூட லோகேஸ்வரியால் தாங்க முடிந்தது. இதைத்தான் தாங்க முடியவில்லை.

"நாளைக்கு வச்சுக்கலாமா மாமா?"

"சுடுகாட்டுல இன்னிக்கு பதினொண்ணே முக்காலுக்கு எழுதியிருக்கு. அத விட்டா நாளைக்கு சனிக்கிழம. சனிப் பொணம் தனியா..." மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். கூடத்திலிருந்த அத்தனை பேருக்கும் ஆஸ்பத்திரியின் கண்ணாடித் தொட்டில் ஞாபகம் வந்தது. சனிக்கிழமையைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

"வண்டியில போறப்ப போன்ல கேக்கட்டுமேம்மா."

"மூடுன பெட்டிக்குள்ள எப்படி மாமா கேக்கும்?"

"செத்தவருக்கு எப்படிமா கேக்கும்?"

கேட்டுவிட்டாரே தவிர, மாமாவுக்கே அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக நின்ற கோகுலன் தரையையே பார்த்தான். உறுதியாக இரு என்று அவனுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் பெட்டிக்குள் இருந்தார்.

லோகேஸ்வரி வாசலுக்கு வந்து நின்றாள். பக்கத்து வீட்டு நூர்ஜான் முக்காட்டைச் சரிசெய்தபடி வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் லோகேஸ்வரிக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

"மாமா, பரஸ்தானம் வைப்போம்."

பயணம் கிளம்ப வேண்டிய நேரத்தில் ராகு காலம் குறுக்கிட்டால், அதற்கு முன்பே பையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவது. பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிய கணக்கு. அப்புறம் எப்போது போனாலும் தோஷமில்லை. அய்யாக்கண்ணுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் மச்சானின் தொணதொணப்புக்குப் பயந்து, சிங்கப்பூர் போகும்போதெல்லாம் நூர்ஜான் வீட்டு வாசலில் பையை வைத்துவிட்டு வந்து, ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஆளுக்குப் பதிலா பைய வைப்பாங்க. ஆளையே வைக்கிற பரஸ்தானத்த எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கியா?"

"பைய வச்சாலே செல்லும்னா, ஆளையே வச்சா டபுளா செல்லாதா?"

கூடத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். மாமா கடிகாரத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். சாஸ்திரத்தில் ஓட்டை கிடைக்கவில்லை போலும். "அவங்க வீட்டுல சம்மதிக்கணுமே" என்றார்.

"இதக் கேக்கவும் வேணுமா?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நூர்ஜான் குரல் கொடுத்தார். "அண்ணே தெனம் பேப்பர் படிக்கிறதே எங்க போர்ச்சுலதானே. ஏ மகளே சுஹானா, காரை வெளிய எடு."

பத்து இருபத்தைந்துக்கு அய்யாக்கண்ணு வாசற்படி தாண்டினார். நான்கு பேர் தூக்க, கோகுலன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடக்க, மொத்தம் இருபது அடி. உருமி மேளத் தலைவருக்குக் குழப்பம். "அண்ணே, இது ஊர்வலமா, வீடு மாத்துறதா? என்னா அடிக்கிறது?" இந்தத் தடவை எல்லோரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு பெட்டியைப் பார்த்து வெட்கப்பட்டார்கள். பெட்டியில் இருந்தவர் உயிரோடு இருந்திருந்தால் அவர்தான் அதிகம் சிரித்திருப்பார்.

இந்தப் பக்கம் பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கம் நூர்ஜான் நாற்காலி போட்டு எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தார். பெட்டி கார் நிற்கும் இடத்தில், மூடாமல், நிழலில் இருந்தது.

பதினொன்றானது. பதினொன்று பத்தானது. போன் அடிக்கவில்லை. பதினொன்றரைக்கு வண்டி கிளம்பியாக வேண்டும். குழாயை எடுத்துவிட்டார்களா, எடுத்துத் திணறுகிறாளா, திரும்பப் போடுகிறார்களா? போனில் சத்தம் முழுதாக வைத்திருக்கிறதா என்று லோகேஸ்வரி மறுபடி மறுபடி பார்த்தாள். தேத்தண்ணீரை யாரும் உறிஞ்சக்கூட இல்லை.

பதினொன்று பதினேழுக்குக் காமினியின் வீடியோ கால் வந்தது.

"அக்கா, எடுத்துட்டாங்க. நர்ஸு மிஸ்ஸி ரெண்டு நிமிசந்தான்னு சொன்னாங்க. உங்க அப்பா காதுகிட்ட வைங்க."

திரையில் பாப்பா. வாயைச் சுற்றி ஒட்டுப்பட்டை உரிந்த சிவப்பு. முதல் முறையாக முழு வாயும் தெரிந்தது, அப்படியே அய்யாக்கண்ணுவின் வாய். மூக்கில் மட்டும் ஒரு சின்னக் குழாய். நெஞ்சு தானாக ஏறியது, இறங்கியது. லோகேஸ்வரி பெட்டியோரம் மண்டியிட்டு, அப்பாவின் காதருகே போனை வைத்தாள். எழுபது எண்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து ரொட்டிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டு தெருவுக்குள் வந்தார். "உஷ்!" என்று ஒரு சாவு வீடே திரும்பி அவரை அதட்டியது. மனிதர் பதறிப்போய் மோட்டார் சைக்கிளையே அணைத்துவிட்டார்.

பாப்பா முகத்தைச் சுருக்கினாள். வாய் கோணியது. எப்போதும்போலச் சத்தமில்லை. டாக்டரின் விரல் அவள் உள்ளங்காலைச் சுண்டியது. மறுபடி வாய் திறந்தது. எண்ணெய் காணாத கதவுபோல ஒரு கிறீச். அப்புறம் இன்னொன்று. பிறகு, கரகரவென்று, கோபமாக, ஒரு முழு அழுகை.

"அழுதுட்டா!" என்று கோகுலன் கத்தினான். "அக்கா, அழுதுட்டா!"

இரண்டு நாளாக ஒப்பாரி வைத்த பெண்கள் கை தட்டினார்கள். உருமிக்காரர் ஒருவர் ஆர்வக்கோளாறில் ஒரு அடி அடித்துவிட்டு நிறுத்தினார். மோகனராஜ் மாமா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனை நோக்கிக் குனிந்தார். "கத்து தாயி, நல்லா கத்து" என்றார். நூர்ஜான் வானத்தைப் பார்த்துக் கையேந்தினார்.

"மீட்டர் எவ்ளோ காமினி?" என்று கேட்டாள் லோகேஸ்வரி.

"இருபத்தஞ்சுக்கா."

"இருபத்தஞ்சாம்ப்பா" என்று அவள் அப்பாவிடம் சொன்னாள். சொல்லும்போது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, எதையும் அவள் அடக்கவில்லை. இவ்வளவு சந்தோஷமாக இதுவரை அவள் அழுததே இல்லை.

பெட்டியை மூடினார்கள். தோள்கள் மாறின, மேளம் எழுந்தது. கோகுலன் முன்னால் நடந்தான். தெருமுனை வந்ததும் வழக்கப்படி பெண்கள் நின்றுகொண்டார்கள். அதற்கு அப்பால் வண்டிவரைக்கும், சுடுகாடுவரைக்கும் ஆண்கள் மட்டும்தான். இதிலும் மாமாவின் சட்டம் கண்டிப்பானது.

லோகேஸ்வரி நிற்கவில்லை. மிஸ்ஸி கொடுத்த இரண்டு நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது, அந்தப் பக்கமும் யாரும் போனை வைக்கவில்லை. அவள் நீட்டிய கையில் பாப்பா இன்னும் அழுதுகொண்டிருந்தாள். பெட்டியை ஒட்டியே அவள் முனையைத் தாண்டினாள்.

மாமா திரும்பிப் பார்த்தார். தடுப்பதற்குக் கையை உயர்த்தினார். உயர்த்திய கையை அப்படியே உருமிக்காரர்கள் பக்கம் திருப்பி, மெதுவாக அடியுங்கள் என்று சைகை காட்டினார்.