நாலாவது படி

திரைச்சீலைக் கடைக்குத் தெருவிலிருந்து ஏழு படிகள். ஏறி வருகிறவர்களுக்கு அவை வெறும் படிகள். கடைக்காரருக்கோ ஏழும் ஏழு சாட்சிகள். விலை ஒத்துவராமல் இறங்குகிறவர் நிஜமாகவே வேண்டாமென்று போகிறாரா, எப்படியும் கூப்பிடுவார்கள் என்று போகிறாரா என்பதை நாலாவது படி சொல்லிவிடும். ஆசை உள்ள கால் அங்கே ஒரு மூச்சு நேரம் தயங்கும். தயங்கியது கண்ணில் பட்டால், "சரி, வாங்க, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம்" என்று கூப்பிட்டுக் கடைசி விலையைச் சொல்வார். தயங்காத காலை அவர் கூப்பிட்டதே இல்லை. வேண்டாதவன் தலையில் கட்டினால் துணிக்கே அவமானம் என்பது அவர் கட்சி.

கட்சி பெரியது, வாய் சின்னது. அந்த வாயிலிருந்து எதற்கும் முதலில் வருகிற சொல் "வேண்டாம்". மொத்த வியாபாரி விலை சொன்னாலும் வேண்டாம், மனைவி இன்னொரு கரண்டி சோறு போட வந்தாலும் வேண்டாம். அந்த வேண்டாமுக்குப் பிறகுதான் பேச்சே தொடங்கும் என்று தெருவுக்கே தெரியும். மனைவி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சோற்றைப் போட்டுவிடுவாள். அவரும் சாப்பிட்டுவிடுவார்.

மூத்த மகளைத் தெருவில் எல்லோரும் மேகம் என்பார்கள். சின்ன வயதில் மேல் படியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "அரை மணியில மழை" என்பாள். சொன்னால் வரும். அவள் சொன்ன மறு நிமிடம் அப்பா வாசலில் தொங்கும் துணிகளை உள்ளே எடுத்து வைப்பார். சூரியன் கிழக்கே உதித்தது என்று சொன்னால்கூட ஒரு விரற்கடை குறைத்துக் கேட்கிற மனுஷன், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளிடம் பேரம் பேசியது கிடையாது.

அவளுக்கு ஒன்பது வயதில் நடக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். பெற்ற பிள்ளைக்கு ஒரு வயதில் சொல்லித்தருகிற நடை வேறு. இது கடைத்தெரு நடை. செருப்புக் கடையில் ஆசைப்பட்ட செருப்பை வைத்துவிட்டு, திரும்பாமல், வேகம் கூட்டாமல், குறைக்காமல், கடன்காரனைக் காணாதவன் போல வெளியேற வேண்டும். முதல் நாளே தேறிவிட்டாள். செருப்புக்காரர் தெருமுனை வரை ஓடிவந்து கொடுத்தார். "இவ காலைப் பாத்து எவனும் விலை சொல்ல முடியாது" என்று அப்பா ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது அவளுக்கு இருபது. அதே ஊர்க் கல்லூரியில் வணிகம், கடைசி வருடம். கைப்பையில் ஒன்பது நாளாக ஒரு கடிதம். வானிலை சொல்லித்தருகிற தூரத்துக் கல்லூரி ஒன்று எழுதியிருந்தது: இரண்டு வருடப் பட்டயப் படிப்பு, இடம் உண்டு, வருகிறீர்களா இல்லையா, நாளைக்குள் சொல்லுங்கள். அப்பாவிடம் சொல்லவில்லை. பதினேழு வயதில் இதே படிப்பை ஒருமுறை கேட்டு, வேண்டாம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்தவள். சுட்ட சட்டியை மறுபடி தொட மனம் வரவில்லை.

மதியம் இரண்டு மணி. அப்பா உள்ளறையில் துணிக்கட்டின் மேல் சாய்ந்து, கண்ணுக்கு மேல் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். வாசல் திரைகள் பாதி மூடியிருந்தன. வெயில் நீலத் திரையில் நுழைந்து நீலமாகவும் மஞ்சளில் நுழைந்து மஞ்சளாகவும் தரையில் இறங்கி, காற்று அசைக்கும்போதெல்லாம் இடம் மாறி உட்கார்ந்தது. தங்கை சுண்டு பள்ளிச் சீருடையோடு படியேறி வந்து, அக்கா முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள். பரீட்சை வாரம், பள்ளி மதியத்தோடு விட்டிருந்தது.

"பள்ளி மலருக்கு. பழைய மாணவர்கள், இப்ப காலேஜ்ல இருக்கிறவங்க, பள்ளிக்கூட வயசுல இருந்த நமக்கு இப்ப என்ன சொல்லுவோம்னு எழுதணுமாம். ஒரு பக்கம். நாலு மணிக்குள்ள டீச்சர் கையில இருக்கணும்."

"இப்ப வந்து சொல்றே?"

"போன வாரமே கொடுத்தாங்க. நீதான் பையும் கையுமா பேயறைஞ்ச மாதிரி திரிஞ்சே. எப்படிக் கேக்கறது?"

மேகம் எழுதினாள்: நன்றாகப் படி. நேரத்தை வீணாக்காதே. நல்ல நண்பர்களைத் தேர்ந்தெடு.

சுண்டு எட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் எங்க பள்ளிக்கூடச் சுவத்துல பெயின்ட்ல எழுதியிருக்குக்கா. கொட்டை எழுத்துல. அதைச் சாய்ஞ்சுக்கிட்டுத்தான் எல்லாரும் அரட்டை அடிப்போம்."

சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்து, திரை வளையங்களைக் கம்பியில் கோக்க ஆரம்பித்தாள். டிங், டிங் என்று ஒவ்வொன்றாக விழுந்தது. மேகம் தாளை மடியில் வைத்துக்கொண்டு, பின்னாலிருந்த துணிச் சுருளில் தலையைச் சாய்த்தாள். டிங். நீலம் தரையில் நகர்ந்தது. டிங். மஞ்சள் அதன் மேல் ஏறியது.

திரையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் படியேறி வந்தாள். பள்ளிச் சீருடை. சட்டைப் பைக்குக் கீழே கட்டைவிரல் அளவுக்கு மைக்கறை. ஒற்றைப் பின்னல் பாதி அவிழ்ந்திருந்தது. அந்த மைக்கறை எந்த நாளில், எந்தப் பேனாவால் விழுந்தது என்று மேகத்துக்குத் தெரியும். அதனால் ஆச்சரியப்படவில்லை. கடைக்காரர் மகளாக எழுந்து நின்று, "வாங்க" என்றாள்.

"என்ன இருக்கு?" என்றாள் வந்தவள்.

"அறிவுரை. மூணு வருஷம் பழசு. ஆனா கிழிசல் கிடையாது."

"எடுத்துப் போடுங்க, பாக்கலாம்."

முதல் சுருளை உருட்டினாள். "மார்க்குக்காக இவ்வளவு அழாத. காலேஜ்ல சேர்ந்த மறுநாளே அதை ஒருத்தரும் கேக்கறதில்ல."

வந்தவள் துணியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தாள். "சாயம் போகும். பரீட்சையை நாளைக்கு வச்சிக்கிட்டு இதைக் கட்டிக்கிட்டு நிக்க முடியுமா? அடுத்தது."

"புரியலைன்னா கையைத் தூக்கு. புரிஞ்ச மாதிரி தலையாட்டாத. நான் ஆட்டி ஆட்டியே ஒரு பாடம் முழுக்கப் போச்சு."

"துணி நல்லாருக்கு, அளவு பெருசு. நான் இன்னும் வளரணும்."

"கேன்டீன்ல தனியா உக்காந்து சாப்பிட வெக்கப்படாத. அவங்கவங்க அவங்கவங்க தட்டைத்தான் பாக்கறாங்க."

வந்தவள் கை நின்றது. "தனியாவா சாப்பிட்டீங்க?"

"முதல் வருஷம். அப்புறம் பக்கத்துல ரெண்டு பேரு வந்து உக்காந்தாங்க. அவங்களும் அதுவரைக்கும் தனியாத்தான் சாப்பிட்டிருக்காங்க."

"இதை ஓரமா வைங்க, எடுத்துக்கறேன். இப்ப உள்ள இருக்கிறதைக் காட்டுங்க."

"உள்ள ஒண்ணும் இல்லையே."

"அக்கா, நானும் இதே கடையில வளந்தவதான். அசல் சரக்கை உள்ள வச்சிக்கிட்டு, ஓரம் போனதை வெளிய பரப்பற வேலையெல்லாம் வெளியாள்கிட்ட வச்சுக்கோங்க."

மேகம் அடித்தட்டில் கைவிட்டு ஒரு சுருளை இழுத்தாள். எடையே இல்லை. உருட்டிவிட்டதும் அது நிற்காமல் விரிந்துகொண்டே போனது. மேசையைத் தாண்டி, தரையைத் தாண்டி, படிகளில் வழிந்து, தெருவை மூடிக்கொண்டு. வானத்தின் நிறம். அதில் மேகங்கள் அச்சிட்டவையாக இல்லை, மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்று அவள் கைக்கு அடியில் வந்து நின்றபோது விரல்கள் ஈரமாயின.

"என்ன விலை?" வந்தவள் குரல் சிறுத்துவிட்டது.

"விக்கறதுக்கில்ல."

"அப்ப யாருக்காக வச்சிருக்கீங்க?"

மேகம் சுருளைத் திரும்பச் சுற்றப் பார்த்தாள். வந்தவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரும்பி இறங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. வேகம் கூட்டாமல், குறைக்காமல். நாலாவது படியை அந்தக் கால் மற்றப் படிகளைப் போலவே கடந்தது. பார்க்கிறவர் யாராயிருந்தாலும் சத்தியம் செய்வார்கள், அவளுக்கு அந்தத் துணி வேண்டாம் என்று. ஆனால் மேகம் அந்தக் காலுக்குள்ளேயே இருந்தவள். அந்தக் கால் அங்கே நிற்க எவ்வளவு ஆசைப்பட்டது என்று அவளுக்குத்தான் தெரியும். வாசலுக்கு ஓடிவந்து கத்தினாள்:

"நில்லு. அப்பாகிட்ட இன்னொரு தடவை கேளு."

"கேட்டேனே, வேண்டாம்னாரு" என்று சொல்லிக்கொண்டே அவள் வெளிச்சத்துக்குள் போய்விட்டாள்.

டிங்.

"யாரை நிக்கச் சொல்றே?"

மைக்கறை கண்ணுக்கு நேரே இருந்தது. மேகம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அந்தச் சட்டைக்கு மேலே சுண்டுவின் முகம் வந்தது. அக்கா பள்ளி முடித்ததும் விட்ட சீருடைதான் மூன்று வருடமாகத் தங்கைக்கு.

"கனவு" என்றாள் மேகம். பாதித் தூக்கத்தில் மனிதர்கள் சொல்லக்கூடாததைச் சொல்லிவிடுவார்கள், அவளும் மறைத்து வைத்த படிப்பு ஆசையைச் சொன்னாள். கடிதத்தையும் எடுத்துக் காட்டினாள்.

சுண்டு இரண்டு முறை படித்தாள். "அன்னைக்கு நான் இங்கதான் இருந்தேன் தெரியுமா? பச்சைத் திரைக்குப் பின்னால, வீட்டுப்பாடம் எழுதாம ஒளிஞ்சிக்கிட்டு. நீ கேட்டே. அப்பா வேண்டாம்னாரு. நீ ஒரு வார்த்தை பேசல, இறங்கிட்டே. அப்பா எழுந்து வாசல் வரைக்கும் வந்தாருக்கா."

"வாசலுக்கா?"

"உன் காலையே பாத்துக்கிட்டு நின்னாரு. நீ நாலாவது படியைத் தாண்டினதும் துணி வெட்டறவர்கிட்ட திரும்பி, 'பேச்சுக்குத்தான் கேட்டிருக்கா. ஆசையிருந்தா நின்னிருப்பா'ன்னாரு. அன்னைக்கு ராத்திரி அம்மா சோறு போட வந்தப்ப வேண்டாம்னாரு. நிஜமாவே சாப்பிடல."

மேகம் தன் பாதங்களைப் பார்த்தாள். பிறத்தியார் கால்களைப் போலத் தெரிந்தன.

"ஏண்டி சொல்லல?"

"நீயும் வேண்டாம்னுதான் போறேன்னு நெனச்சேன். அவ்வளவு நல்லா நடந்தே."

உள்ளறையில் இருமல் கேட்டது. மூன்றேகால். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, அளவுகோலைத் தேடினார். மேகம் கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"அப்பா, வானிலைப் படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. வெளியூர். நாளைக்குள்ள சொல்லணும். நான் போகணும்."

அவர் கடிதத்தைப் பார்க்கவில்லை. அளவுகோலும் கிடைக்கவில்லை. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் தன் வேலையைச் செய்தது. "அதெல்லாம் வேண்டாம்."

மேகம் திரும்பி நடந்தாள். முதல் படி. இரண்டாவது. ஒன்பது வயதிலிருந்து பழகிய கால். விட்டால் தெருமுனைக்கே கொண்டுபோய்விடும். மூன்றாவது. நாலாவது படியில் வெறுமனே தயங்கினால் போதாதென்று தோன்றியது. தயக்கத்தை அவர் கவனிக்காமல் போய்விடலாம். அவள் அங்கேயே உட்கார்ந்தாள். தெருவில் போன தையல்காரர் சைக்கிளை நிறுத்தி, என்ன என்பது போலத் தலையை ஆட்டினார். ஒன்றுமில்லை என்று இவளும் தலையை ஆட்டினாள். பின்னால் வளையங்களின் சத்தம் நின்றுபோயிருந்தது.

செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றது. அப்புறம் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் கடிதம்.

"என்ன, உக்காந்துட்டே?"

"எழுந்திருக்க முடியலப்பா."

அவர் கடிதத்தை வெயிலுக்குப் பிடித்து, நெசவு பார்ப்பது போலப் பார்த்தார். "எவ்வளவு தூரம்?"

"ஒரு நாள் ரயில்."

"ரெண்டு வருஷமா?"

"ரெண்டு வருஷம்."

"ஒண்ணரைக்கு வராதா?"

"ரெண்டுதாம்ப்பா. கழிவு கிடையாது."

"மாசம் ஒரு தடவை வீட்டுக்கு வரணும்."

"மூணு மாசத்துக்கு ஒண்ணு."

"ரெண்டு மாசம். அதுக்கு மேல என்னால இறங்க முடியாது."

"சரி" என்றாள்.

அவர் மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கு ஏம்மா நிக்கல?"

"நீங்கதானே இப்படி நடக்கச் சொல்லிக்கொடுத்தீங்க."

"கடைக்காரன்கிட்ட நடக்கச் சொன்னேன். நான் கடைக்காரனா?"

மேகம் திரும்பி, தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்த அத்தனை திரைகளையும் பார்த்தாள். அவரும் பார்த்தார். "சரி, கடைக்காரன்தான்" என்று ஒப்புக்கொண்டார். "அன்னைக்கு நானாவது ஒரு குரல் கொடுத்திருக்கலாம்."

"நாலாக இருபது நிமிஷம்" என்று மேலேயிருந்து சுண்டு சொன்னாள். பழைய தாளை மடித்து எறிந்துவிட்டுப் புதிய தாளும் பேனாவும் நீட்டினாள். மேகம் முழங்காலில் வைத்து எழுதினாள். சுண்டு வாய்விட்டுப் படித்தாள்: "'கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்.' இவ்வளவுதானா? பக்கம் பூரா கேட்டாங்கக்கா."

"கேன்டீன்ல தனியா சாப்பிடறதைப் பத்தி ஒண்ணு இருக்கு. அதைக் கொசுறா நீயே எழுதிக்கோ."

"கேன்டீனா? எப்ப சொன்னே?"

மேகம் அண்ணாந்து பார்த்தாள். தெருவுக்கு மேலே, இரண்டு மாடிகளுக்கு நடுவில், வானம் துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. அதன் ஒரு மூலையில் மட்டும், பால் சிந்தியது போலச் சிறிதாக ஒரு வெண்மை. விரல் நுனிகளைத் தேய்த்துப் பார்த்தாள். இன்னும் ஈரமாக இருப்பது போலிருந்தது.

"அரை மணியில மழை" என்றாள்.

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அப்பா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, மேலே போய் வாசலில் தொங்கிய துணிகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுக்க ஆரம்பித்தார். "சுண்டு, குடை எடுத்துக்கிட்டுப் போ" என்று சத்தம் மட்டும் திரைகளுக்கு உள்ளிருந்து வந்தது.